க்ரூஸ் கப்பலில் டிப்ஸ்: கணக்கில் பிடிக்க விடலாமா, கையில் கொடுக்கலாமா?

சிங்கப்பூர் மரீனா பேயில் கப்பல் ஏறி மூன்று, நான்கு இரவு சுற்றிவிட்டு வரும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. டிராவல் ஏஜென்ட் அனுப்பும் விலைப்பட்டியலில் கேபின் இருக்கும், சாப்பாடு இருக்கும், துறைமுக வரி இருக்கும். கடைசி வரியில் பொடி எழுத்தில் 'டிப்ஸ் தனி' என்று போட்டிருப்பார்கள். அது எவ்வளவு என்று அங்கே பெரும்பாலும் எழுதியிருக்காது. பயணம் முடியும் காலையில் கப்பல் கணக்கின் பில் வரும்போதுதான் பலருக்குத் தொகை தெரிகிறது.

ராயல் கரீபியன் என்ற கப்பல் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். சமீபத்திய உயர்வுகளுக்குப் பிறகு, சாதாரண கேபினில் தங்கும் ஒருவருக்கு டிப்ஸ் ஒரு நாளைக்கு 18.50 டாலர், சூட் என்றால் 21 டாலர். நான்கு பேர் கொண்ட குடும்பம், நான்கு இரவு என்றால் 296 டாலர். ஒரு டாலர் 87 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 25 ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கும் அதே தொகைதான். இதே குடும்பம் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போன இடத்தில் மயாமியிலிருந்து ஏழு இரவுக் கப்பல் ஏறினால் 518 டாலர், அதாவது 45 ஆயிரம் ரூபாய்க்கு மேல்.

இவ்வளவு பெரிய தொகை என்பதால் கேள்வி நியாயமானது. கணக்கில் தானாகப் பிடிப்பதை அப்படியே விட்டுவிடலாமா? புக் செய்யும்போதே கட்டிவிடலாமா? கவுண்டரில் சொல்லி நீக்கிவிட்டு, நம்மைக் கவனித்தவர்களுக்கு மட்டும் கையில் கொடுக்கலாமா? அல்லது டிப்ஸே கட்டணத்தில் அடங்கிய கப்பலாகப் பார்த்துப் போகலாமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது, புக் செய்யும்போதே கட்டிவிடுவதும், கப்பலில் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் அதற்கு மேல் கொஞ்சம் ரொக்கம் கொடுப்பதும். நீக்கிவிடச் சொல்வது மட்டும் கூடாது. 'நீக்கிவிடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்' என்ற யோசனைதான் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அதிகம் சுற்றுகிறது. அதனால் அது ஏன் கூடாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இந்தப் பணம் யாருக்குப் போகிறது

கப்பல் துறைமுகம் திரும்பும் நாளை, கேபினைச் சுத்தம் செய்பவரின் இடத்திலிருந்து பாருங்கள். காலை ஒன்பது மணி வாக்கில் பழைய பயணிகள் இறங்கி முடிப்பார்கள். பதினொரு மணிக்குப் புதியவர்கள் ஏறத் தொடங்கிவிடுவார்கள். ஒரு மணிக்கெல்லாம் அறை தயாராக இருக்க வேண்டும். ஒருவர் பொறுப்பில் பொதுவாகப் பதினைந்து, இருபது கேபின்கள். ஒவ்வொன்றிலும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் உருவி மூட்டை கட்ட வேண்டும். குளியலறையைத் தேய்க்க வேண்டும். குப்பையைப் பிரிக்க வேண்டும். இரண்டாகப் பிரித்துப் போட்ட கட்டிலை அடுத்தவர் கேட்டபடி ஒன்றாகச் சேர்க்க வேண்டும், அல்லது சேர்த்ததைப் பிரிக்க வேண்டும். மேலிருந்து இறங்கும் மடிப்புக் கட்டிலில் குழந்தை படுக்கிறது என்றால் அதற்கும் விரிப்பு மாற்ற வேண்டும். அழுக்குத் துணி மூட்டை கீழ்த்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்துக்குப் போகும். அங்கே இருப்பவர்களைப் பயணம் முழுக்க நாம் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை.

இதே நாள் வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ வரும். சிங்கப்பூரிலிருந்து ஓடும் குறுகிய பயணங்களில் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை. பணி ஒப்பந்தம் பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாதம். அந்த மாதங்களில் வார விடுமுறை என்று தனியாக ஒரு நாள் கிடையாது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006 என்ற சர்வதேச ஒப்பந்தம் 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் 2015இல் அதை ஏற்றது. அதன்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் 77ஐக் கழித்துப் பாருங்கள். ஒரு ஆளிடம் எவ்வளவு வேலை வாங்க முடியும் என்பது புரியும்.

சம்பளம் எப்படி என்பதுதான் அடுத்தது. மயாமியிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் பதிவானவை அல்ல. பஹாமாஸ், பனாமா, மால்டா, பெர்முடா கொடிகளின் கீழ் ஓடுகின்றன. வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களில் வேலை செய்யும் மாலுமிகளுக்கு அமெரிக்காவின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அதனால் கேபின், சாப்பாட்டுக்கூடப் பணியாளர்களுக்கு அடிப்படைச் சம்பளம் குறைவாக இருக்கும். பயணிகளிடம் பிடிக்கும் டிப்ஸ் அதன் மேல் சேர்ந்துதான் மாத வருமானம் ஆகிறது. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், இந்தியா என்று ஆட்களை எடுக்கிறார்கள். நம் ஊர் கேட்டரிங் கல்லூரிகளில் படித்துவிட்டுக் கப்பல் ஏறிய பையன்களும் அங்கே இருக்கிறார்கள். சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப் பட்டையில் பெயருக்குக் கீழே நாட்டின் பெயரும் இருக்கும்; 'இந்தியா' என்று பார்த்ததும் எந்த ஊர் என்று கேட்டால் சில நேரம் தமிழிலேயே பதில் வரும்.

இது சரியான ஏற்பாடா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். தன் ஆளுக்குக் கொடுக்க வேண்டிய கூலியில் ஒரு பங்கை நிறுவனம் பயணியின் தலையில் கட்டுகிறது. விளம்பர விலையைக் குறைத்துக் காட்டவும் அது உதவுகிறது. கலிபோர்னியாவில் 2024 ஜூலையில் ஒரு சட்டம் வந்தது: மறைகட்டணங்களைப் பிறகு சேர்க்காமல் முழு விலையையும் முதலிலேயே காட்ட வேண்டும் என்றது. அதையொட்டி அமெரிக்கக் கப்பல் நிறுவனங்கள் வரியையும் துறைமுகக் கட்டணத்தையும் விளம்பர விலைக்குள் கொண்டுவந்தன. டிப்ஸ் மட்டும் அப்போதும் வெளியிலேயே நின்றுவிட்டது, 'விருப்பப்பட்டால் கொடுக்கலாம்' என்ற பெயரில்.

ஓட்டல் சர்வீஸ் சார்ஜும் இதுவும் ஒன்றா?

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில், ஓட்டல்களும் உணவகங்களும் பில்லில் தாமாகவே சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. அதற்குப் பிறகு, பில்லில் அந்த வரியைப் பார்த்தாலே நீக்கச் சொல்லும் பழக்கம் நம்மிடம் வந்திருக்கிறது. அது நல்ல பழக்கம்தான். அதே கையோடு கப்பல் கவுண்டருக்கும் போகிறோம்.

இரண்டும் வேறு வேறு. இங்கே உணவகப் பணியாளரின் சம்பளத்துக்கு அடியில் மாநில அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி என்ற தரை இருக்கிறது. சர்வீஸ் சார்ஜ் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. கப்பலில் டிப்ஸ் பணியாளரின் வருமானத்திலேயே ஒரு பெரிய பங்கு. அதை நீக்கினால் நஷ்டம் நிறுவனத்துக்கு அல்ல, அவருக்கு.

தானாகப் பிடிக்க விடுவது

எதுவும் செய்யாமல் இருந்தால் நடப்பது இதுதான். ஒவ்வொரு நாளும் கேபின் கணக்கில் தொகை ஏறும். கடைசி நாள் கார்டிலிருந்து போகும். கார்னிவல் என்ற இன்னொரு நிறுவனம் 2023 ஏப்ரலில் இதைச் சாதாரண கேபினுக்கு 16, சூட்டுக்கு 18 டாலர் என்று உயர்த்தியது. நார்வீஜியன் சமீப ஆண்டுகளில் 20 டாலர் வரை போய்விட்டது, சூட்டுக்கு 25. இந்தத் தொகைகள் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே இருக்கின்றன. புக் செய்யும் நாளில் நிறுவனத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் விஷயத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு உண்டு. கார்னிவலில் இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் கட்ட வேண்டியதில்லை, நார்வீஜியனில் மூன்று வயதுக்குக் கீழே.

இதில் உள்ள நல்லது, பணம் பரவலாகப் போவது. முகம் தெரிந்த வெயிட்டருக்கும் கேபின் பணியாளருக்கும் மட்டுமல்லாமல், சமையல்கூடம், சலவை, பஃபேயில் தட்டு எடுப்பவர் என்று பின்னால் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. முன்பெல்லாம் கடைசி இரவு சாப்பாட்டு மேசையில் உறை வைத்துக் கொடுப்பார்கள். தினமும் அதே மேசை, அதே வெயிட்டர் என்று இருந்த காலத்தில் அது சரிப்பட்டது. 2000 வாக்கில் நார்வீஜியன், யார் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் எந்த உணவகத்திலும் சாப்பிடலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒரு வாரத்தில் பத்து வெயிட்டர்கள் பரிமாறினால் உறையை யாரிடம் கொடுப்பது? தானாகப் பிடிக்கும் முறை இப்படித்தான் பரவியது.

சிக்கல், நம் கார்டு. இந்தியக் கார்டில் டாலர் செலவு என்றால் வங்கி தன் பங்குக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் என்று குறிப்பிட்ட சதவீதத்தைச் சேர்க்கும். பயணத்தின் கடைசி நாள் வரும் பில்லில் தனிக்கட்டண உணவகம், போட்டோ, வைஃபை எல்லாம் சேர்ந்திருக்க, டிப்ஸ் தொகையும் அதோடு கலந்து வரும்போது அதிர்ச்சிதான் ஆகும். வீட்டில் பெரியவர்கள் கூட வந்திருந்தால், அந்தக் காலை வரிசையில் நின்று கணக்குச் சரிபார்ப்பது யாருக்கும் பிடிக்காத வேலை.

முன்கூட்டியே கட்டுவது

அதே தொகைதான். புக் செய்யும்போதோ, பயணத்துக்குச் சில நாள் முன்போ கட்டிவிடலாம். எனக்கு இது பிடித்திருப்பதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, பயணத்தின் உண்மையான செலவு அப்போதே தெரிந்துவிடுகிறது. பால்கனி கேபின் எடுக்கலாமா, ஜன்னல் கேபின் போதுமா என்று யோசிக்கும்போதே டிப்ஸையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். டிப்ஸோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் பட்ஜெட் தாண்டுகிறதா, ஒரு படி கீழே இறங்கி உள்கேபின் எடுங்கள். கேபினில் நாம் தூங்கத்தான் போகிறோம். பால்கனியில் உட்கார்ந்து கடலைப் பார்க்க மிச்சம் பிடித்த பணம் கேபின் பணியாளருடைய கூலியாக இருக்க வேண்டாம்.

இரண்டாவது, விலையேற்றம். கார்னிவலும் ராயல் கரீபியனும் 2023இல் டிப்ஸை உயர்த்தியபோது, அறிவித்த தேதிக்கு முன்பே கட்டியவர்களுக்குப் பழைய தொகையே செல்லும் என்று விட்டார்கள். ஒரு வருடம் முன்னால் புக் செய்கிறவர்களுக்கு இது உதவும். சில நிறுவனங்கள் டிப்ஸ், பானங்கள், வைஃபை எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாக விற்கின்றன. பிரின்சஸ் நிறுவனத்தின் பிரின்சஸ் பிளஸ், பிரின்சஸ் பிரீமியர் அப்படிப்பட்டவை. ஆனால் மது அருந்தாத குடும்பத்துக்குப் பானங்கள் சேர்ந்த பொட்டலம் லாபமாக இருக்காது. டிப்ஸ் மட்டும் தனியாகக் கட்டும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

ஏஜென்ட் மூலம் ரூபாயில் கட்டுகிறவர்கள், ரசீதில் டிப்ஸ் என்று தனி வரியாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கப்பல் ஏறிய முதல் நாளே கேபின் டிவியிலோ ஆப்பிலோ கணக்கைத் திறந்து பார்த்தால், தினசரித் தொகை மறுபடி ஏறுகிறதா என்று தெரிந்துவிடும். ஏறினால் ரசீதைக் காட்டி அன்றைக்கே சரி செய்துகொள்ளலாம். கடைசி நாளுக்கு விட வேண்டாம்.

நீக்கிவிட்டுக் கையில் கொடுப்பது

இந்த யோசனையில் கேட்க நியாயமாகத் தோன்றும் ஒன்று இருக்கிறது: 'நிறுவனத்துக்குப் போகிறதா பணியாளருக்குப் போகிறதா என்று தெரியாது. கையில் கொடுத்தால் அவருக்கே போகும்.' நேர்மையாக அப்படி நினைப்பவர்கள் உண்டு. ஆனால் நடைமுறையில் அது அப்படி முடிவதில்லை.

ஒன்று, யாருக்கெல்லாம் கொடுப்பீர்கள்? கேபின் பணியாளர், இரவு உணவு வெயிட்டர், அவருடைய உதவியாளர் என்று மூன்று பேர் நினைவுக்கு வருவார்கள். காலையில் பஃபேயில் எச்சில் தட்டை எடுத்தவர்? நள்ளிரவில் பாத்திரம் கழுவியவர்? துண்டு துவைத்தவர்? இவர்கள் பங்கு அப்படியே காணாமல் போய்விடுகிறது. இரண்டு, கணக்கிலிருந்து டிப்ஸை நீக்கிய பயணி கொடுக்கும் ரொக்கத்தைப் பணியாளர் பொதுத் தொகையில் சேர்த்துவிட வேண்டும் என்ற விதி சில நிறுவனங்களில் இருக்கிறது. நீங்கள் கொடுத்த இருபது டாலர் அவர் பையில் நிற்காது. அதே இருபது டாலரை டிப்ஸ் நீக்காத ஒருவர் மேலதிகமாகக் கொடுத்தால் அது அவருக்கே சொந்தம். மூன்று, இது மனித சுபாவம்: 150 டாலரை நீக்கிவிட்டு, கடைசியில் கையிலிருந்து கொடுப்பது 40 டாலராக இருக்கும். எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் நீக்கிய தொகை முழுவதையும் உறையில் பிரித்துப் போட்டுக் கப்பலின் கீழ்த்தளம் வரை கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது என்பது உறுதி.

முறுக்கு, அதிரசம், சேலை, ஊரிலிருந்து கொண்டுபோன இனிப்பு டப்பா என்று கொடுப்பவர்களும் உண்டு. நல்ல மனசு. வீட்டைவிட்டு மாதக்கணக்கில் இருக்கும் பையனுக்கு ஊர்ப் பலகாரம் சந்தோஷம் தரும், பிரிக்காத பாக்கெட்டாக இருந்தால் வாங்கிக்கொள்வார். ஆனால் அது கூலிக்கு மாற்று ஆகாது. டிப்ஸோடு கொடுங்கள், டிப்ஸுக்குப் பதிலாக வேண்டாம்.

சேவை உண்மையிலேயே மோசமாக இருந்தால்? அறை நாள் முழுக்கச் சுத்தம் செய்யப்படவில்லை, வெயிட்டர் மரியாதைக் குறைவாகப் பேசினார் என்றால் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. அன்றைக்கே கெஸ்ட் சர்வீசஸ் கவுண்டரிலோ ஹெட் வெயிட்டரிடமோ சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிடும். வேண்டுமானால் மேசையை மாற்றித் தருவார்கள். சொல்லியும் மாறவில்லை என்றால் தொகையைக் குறைக்கக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. முதல் நாளே குறையைச் சொல்லாமல் வைத்திருந்து, கடைசி நாள் மொத்தத்தையும் நீக்கச் சொல்வதுதான் தவறு. ஒருவர் செய்த பிழைக்கு இருபது பேரின் கூலி போகிறது. இன்னொன்று: பல நிறுவனங்கள் கோவிட்டுக்குப் பிறகு சாதாரண கேபின்களை ஒரு நாளைக்கு இருமுறை சுத்தம் செய்வதை ஒருமுறையாகக் குறைத்துவிட்டன. 'முன்பு இரண்டு முறை வந்தார்கள், இப்போது ஒரு முறைதான்' என்ற கோபம் நிறுவனத்தின் மீது போக வேண்டியது. கேபின் பணியாளரின் கையில் அந்த முடிவு இல்லை.

கட்டணத்திலேயே அடங்கிய கப்பல்கள்

இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. ரீஜென்ட் செவன் சீஸ், சீபோர்ன், சில்வர்சீ போன்ற உயர்விலைக் கப்பல்களில் டிப்ஸ் கட்டணத்துக்குள்ளேயே இருக்கிறது. அஸமாராவிலும் அப்படியே. ஆனால் இவற்றின் விலை நம்மில் பலருக்கு எட்டாது. டிப்ஸ் மிச்சம் என்பதற்காக அங்கே போவதில் அர்த்தமில்லை.

பிரிட்டனில் இருக்கும் உறவினர்களுக்கு இது நல்ல தேர்வு. பி அண்ட் ஓ க்ரூசஸ் 2019 மே முதல் தினசரி டிப்ஸை எடுத்துவிட்டுக் கட்டணத்தில் சேர்த்துக்கொண்டது. மரெல்லாவும் டிப்ஸை உள்ளடக்கித்தான் விற்கிறது. லண்டனிலும் லெஸ்டரிலும் இருந்து கிளம்பும் தமிழ்க் குடும்பம் சவுத்தாம்ப்டனில் ஏறுவதாக இருந்தால், அமெரிக்க நிறுவனத்தின் விலையோடு ஒப்பிடும்போது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலரை அந்தப் பக்கம் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போது மலிவாகத் தெரிந்தது மலிவாக இருக்காது.

பணியாளருக்கு எது நல்லது என்று பார்த்தால், எனக்கு இந்த முறைதான் சரியாகப் படுகிறது. கூலி விலைக்குள் வந்துவிடுகிறது. ஒரு பயணி கவுண்டரில் போய் அதை எடுத்துவிட முடியாது. டிப்ஸ் முறை மாற வேண்டும் என்று உண்மையாக நினைப்பவர்கள் தங்கள் அடுத்த பயணத்துக்கு இப்படிப்பட்ட நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் எதிர்ப்பைக் காட்டும் வழி. நிறுவனத்துக்கு எழுதுவதும் ஒரு வழி.

மேலதிகமாக யாருக்கு, எவ்வளவு

இது கட்டாயம் இல்லை. தினசரித் தொகையைக் கட்டியாகிவிட்டது என்றால் கையில் எதுவும் கொடுக்காமல் இறங்கினாலும் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் நமக்காகத் தனியாக மெனக்கெட்டவர் இருந்தால் கொடுக்கத் தோன்றும்.

நம் குடும்பங்களில் அப்படிப்பட்டவர் பெரும்பாலும் ஹெட் வெயிட்டர். சைவம், வெங்காயம் பூண்டு இல்லை, அம்மாவுக்குக் காரம் ஆகாது, தாத்தாவுக்கு ராத்திரி தயிர்சாதம் இருந்தால்தான் தூக்கம் வரும் என்று நாம் அடுக்கும்போது, அவர் குறித்துக்கொண்டு போய்ச் சமையல்கூடத்தில் இருக்கும் இந்தியச் சமையல்காரரிடம் பேசுவார். மறுநாள் இரவுக்கு என்ன வேண்டும் என்று முந்தின இரவே மேசைக்கு வந்து கேட்டுவிட்டுப் போவார். மெனுவில் இல்லாத பருப்பும் சப்பாத்தியும் மூடிய பாத்திரத்தில் மேசைக்கு வரும். இந்த வேலை யாருடைய பணிப் பட்டியலிலும் முழுதாக இல்லை. ஒரு வாரப் பயணத்தில் அவருக்குக் குடும்பமாகச் சேர்ந்து 20 முதல் 40 டாலர் கொடுப்பது தகும். கேபின் பணியாளருக்கும் அதே அளவு; சிறு குழந்தையோடு போய் அறையை அலங்கோலம் செய்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. மூன்று நான்கு இரவுப் பயணம் என்றால் இதில் பாதி போதும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிளப்பில் இருப்பவர்கள் பொதுவாகப் பொது டிப்ஸில் சேர மாட்டார்கள். உங்கள் பிள்ளை அங்கேயே பழியாகக் கிடந்தால், வாங்கிக்கொள்ள அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். கேப்டனுக்கும் வெள்ளைச் சீருடை அதிகாரிகளுக்கும் கொடுப்பது வழக்கமில்லை. கொடுத்தால் அவர்களுக்குத்தான் சங்கடம்.

பார் விஷயத்தில் மட்டும் கவனம். கப்பலில் வாங்கும் ஒவ்வொரு ஜூஸ், காபி, மதுவின் மேலும் ராயல் கரீபியனில் 18 சதவீதமும், நார்வீஜியனில் 20 சதவீதமும் ஏற்கெனவே ஏறிவிடும். ஸ்பாவிலும் தனிக்கட்டண உணவகங்களிலும் அப்படித்தான். கையெழுத்துப் போடும் சீட்டில் 'கூடுதல் டிப்ஸ்' என்று இன்னொரு வரி காலியாக இருக்கும். பலர் முதல் வரியைப் பார்க்காமல் இங்கேயும் எழுதிவிடுகிறார்கள். கோடு போட்டுவிட்டு மொத்தத்தை எழுதினால் போதும்.

ரொக்கத்தை ஊரிலேயே சில்லறையாக மாற்றிக்கொள்ளுங்கள்: ஐந்தும் பத்துமாக அமெரிக்க டாலர். சிங்கப்பூர்ப் பயணத்தில் சிங்கப்பூர் டாலர் நோட்டும் சரி. நாணயம் வேண்டாம், கடல்கடந்து அதை மாற்ற முடியாது. கவுண்டரில் நோட்டு உடைத்துத் தருவார்கள், ஆனால் கடைசி நாள் வரிசை நீளமாக இருக்கும், சின்ன நோட்டும் தீர்ந்துவிடும். கேபின் பணியாளரைக் கடைசி மாலை காரிடாரில் தள்ளுவண்டியோடு பார்க்கலாம். நேரில் கையில் கொடுத்து, பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். தலையணை மேல் பணத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தால், மறந்து வைத்ததா கொடுத்ததா என்று அவருக்குத் தெரியாது. ஆள் கிடைக்கவில்லை என்றால் உறைமேல் அவர் பெயரையும் 'தேங்க் யூ' என்றும் எழுதி வையுங்கள்.

காசு இல்லாத இன்னொரு டிப்ஸும் இருக்கிறது. இறங்கிய பிறகு நிறுவனம் மின்னஞ்சலில் கருத்துப் படிவம் அனுப்பும். அதில் பெயரும் பணியும் எந்தத் தளத்தில் என்பதும் குறிப்பிட்டு நான்கு வரி எழுதினால் அது மேலதிகாரி வரை போகும். அடுத்த ஒப்பந்தம், பதவி உயர்வு எல்லாம் பார்க்கும்போது அது பேசும். பெயர் மறந்துபோகும் என்பதால் முதல் நாளே போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கரையில்

கப்பலுக்கு வெளியே கணக்கு வேறு. மயாமியில் பெட்டியை வாங்கி ஏற்றும் போர்ட்டர்கள் கப்பல் நிறுவனத்தின் ஆட்கள் அல்ல. பெட்டிக்கு இரண்டு டாலர் வாக்கில் கொடுப்பது அங்கே வழக்கம். சிங்கப்பூரில் அப்படி எதிர்பார்ப்பு இல்லை. கரைச் சுற்றுலா வழிகாட்டிக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் அந்தந்த நாட்டு வழக்கப்படி. அலாஸ்காவில் ஆளுக்கு ஐந்து பத்து டாலர் கொடுப்பார்கள். இவை எதுவும் கப்பலில் கட்டிய தினசரித் தொகையில் சேராது. சிலர் அந்தக் குழப்பத்தில் கொடுக்காமல் வந்துவிடுகிறார்கள்.

ஏஜென்டிடம் முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை இவைதான். டிப்ஸ் விலையில் இருக்கிறதா, இல்லையா? இல்லை என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு, குழந்தைக்கும் சேர்த்தா? இப்போதே ரூபாயில் கட்ட முடியுமா? பயணம் ரத்தானால் அந்தத் தொகை முழுதாகத் திரும்புமா? பதிலை வாய்வார்த்தையாக வாங்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். 'அதெல்லாம் கப்பல்ல போய்ப் பாத்துக்கலாம் சார்' என்று ஏஜென்ட் சொன்னால், தொகையை நீங்களே கணக்குப் போட்டு அவர் சொன்ன விலையோடு கூட்டிவிட்டு, அப்புறம் அடுத்த ஏஜென்டின் விலையோடு ஒப்பிடுங்கள்.